அப்பாவுக்கு வாங்கிய மெஷின்

என் வீட்டுக்காரருடைய கம்ப்யூட்டர் பேசுவதை முதல் தடவை கேட்கிறவர்கள் அது ரிப்பேர் என்றுதான் நினைப்பார்கள். அவர் ஹெட்போன் மாட்டாத ஒரு நாளில் கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் வாசலில் நின்றபடியே, உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டு சுத்துகிறது பாருங்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனான். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சடசடப்பு, நடுவில் மூச்சே கிடையாது. அதுதான் பேச்சு. கண் தெரியாதவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் குரல். எல்லோருக்கும் புரிகிற வேகத்தில் ஆரம்பித்து, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் அவர் ஒருவருக்கு மட்டுமே புரிகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். நான் பேசுகிற வேகத்துக்கு இது எவ்வளவோ பரவாயில்லை என்பார். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம், அதனால் நான் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை.

அவருக்குப் பத்தொன்பது வயதில் பார்வை முழுசாகப் போயிற்று. நான் அவரைக் கட்டிக்கொண்டது அதற்கப்புறம்தான். தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன், யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பது அவருடைய வேலை. டாக்டர்கள் படத்தைப் பார்த்து வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவர் கேட்டு, அடித்து, திருப்பி அனுப்புவார். ஹெட்போனில் இடது காதுக்கு டாக்டர், வலது காதுக்கு மெஷின். காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். டாக்டர்களைக் காலால் அடக்கி வைத்திருப்பவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று பீற்றிக்கொள்வார்.

மானிட்டரை அவர் போட்டதே கிடையாது. பார்க்க ஆளில்லாத சினிமாவுக்கு எதற்குக் கரண்ட் என்பார். ஆகவே எங்கள் வீட்டு முன்னறையில், கறுத்துக் கிடக்கிற ஒரு திரைக்கு முன்னால் ஒரு மனுஷன் காலையிலிருந்து சாயங்காலம் வரை சளைக்காமல் தட்டிக்கொண்டிருப்பார். புதிதாக வருகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நான் அவர்களுக்கு விளக்கம் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன்.

அந்த மெஷினின் உயிர் எங்கே இருந்தது என்று கேட்டால், சுருக்கங்களில் இருந்தது. மூன்று எழுத்தைத் தட்டினால் ‘கல்லீரல் இயல்பான அளவில் உள்ளது, கட்டி எதுவும் தென்படவில்லை’ என்று முழு வாக்கியமும் வந்து விழும். அப்படி ஆயிரக்கணக்கில், இருபது வருஷமாக, ஒவ்வொரு டாக்டருடைய பேச்சுக்கும் தகுந்த மாதிரி அவரே உண்டாக்கிச் சேர்த்திருந்தார். ஒரு டாக்டர் எதையும் நேராகச் சொல்ல மாட்டார், ‘இல்லை என்றே தோன்றுகிறது’ என்றுதான் முடிப்பார். அவருக்கென்று தனியாக ஒரு சுருக்கம் இருந்தது. மற்றவர்கள் அரை நாளில் செய்வதை இவர் டீ ஆறுவதற்குள் முடிப்பார் என்று ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவைக் கவனிக்கிற மேடம் என்னிடமே சொல்லியிருக்கிறாள். அவர் வீட்டில் யாருக்கும் பாரமாக இல்லை. அவரைப் பொறுத்தவரை வாழ்க்கையில் ஜெயித்தது அது ஒன்றில்தான், அதை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பையனுக்குக் கப்பலில் வேலை. கல்யாணமான கையோடு கடலுக்குப் போய்விட்டான். மருமகள் எங்களோடு இருந்தாள். பிசியோதெரபி படித்தவள், இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக்கில் வேலை. அவளுக்கு நாலு வயதாகும்போதே தகப்பன் போய்விட்டார். வந்த முதல் வாரமே இவரிடம் போய், மாமா என்று கூப்பிடாமல் அப்பா என்று கூப்பிடலாமா என்று கேட்டாள். இவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு குடம் தண்ணீர் பிடித்திருப்பேன். அப்புறம், “கூப்பிடும்மா” என்றார். நான் அத்தையாகவே இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை.

கிளினிக்கிலிருந்து வந்ததும் அவருடைய தோளையும் மணிக்கட்டையும் பிடித்துவிடுவாள். பேப்பர் வாசித்துக் காட்டுவாள். அதைத்தான் மெஷினே வாசிக்குமே என்று நான் ஒரு தடவை சொல்லித் தொலைத்தேன். என் குரல் வந்த பக்கமாகத் திரும்பி முறைத்தார். டீ குடிக்கிற நேரத்தில் அன்றைய டாக்டர் கதைகளை அவளுக்குச் சொல்வார். கொட்டாவி விட்டுக்கொண்டே நுரையீரலைப் பற்றிச் சொல்கிற டாக்டர், நடுவில் பெண்டாட்டியிடம் போனில் திட்டு வாங்கி அதையும் சேர்த்துப் பதிவு செய்து அனுப்பிவிட்ட டாக்டர். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதுவரைக்கும் பெண் குழந்தையின் சிரிப்புக் கேட்காத வீடு. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் ஹெட்போன் வயர் கழன்று மெஷினின் குரல் வீடு முழுக்கச் சடசடத்தது. மருமகள் ஓடிவந்து பார்த்திருக்கிறாள். திரை இருட்டு, சத்தமோ அலறல். அவர் அவசரமாக வயரைச் சொருகிக்கொண்டு, ஒன்றுமில்லை, பழைய மெஷின் என்றாராம். அந்த ஒரு வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். திரை செத்துப்போய்க் குரலும் கெட்டுப்போன ஒரு மெஷினோடு இந்த மனுஷன் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார், செலவுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா, அதனால்.

அந்தச் சமயத்தில் என் அக்காவுக்கு மூட்டு ஆபரேஷன். அவர் லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தார். அக்கா வீட்டில் நாங்கள் இருந்த நாட்களில்தான் இங்கே எல்லாம் நடந்திருக்கிறது. மருமகள் ஏனோதானோ என்று செய்துவிடவும் இல்லை. பல கடை ஏறி இறங்கி விசாரித்திருக்கிறாள். கிளினிக்கில் அவள் உபயோகிப்பது மேஜை மேல் வைக்கிற ஆப்பிள் கம்பெனி மேக். அதில் பேசுகிற வசதி கூடவே வரும், குரல் தேன் மாதிரி இருக்கும் என்று தெரிந்துகொண்டு அதையே வாங்கினாள். பழைய விண்டோஸ் மெஷினில் இருந்த கோப்புகள், பாட்டுகள், கல்யாண போட்டோக்கள் எல்லாவற்றையும் கடைக்காரனை வைத்துப் புதியதில் ஏற்றினாள். மேஜையைத் துடைத்து, வயர்களைக் கட்டி, திரும்பி வந்த எங்களை வாசலிலேயே நிறுத்தி, அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அவருடைய கையை எடுத்து அந்த மெஷினின் மேல் வைத்தாள். சில்லென்று அலுமினியம். அவர் விரல்கள் ஓரத்தைத் தடவி, கீழே இறங்கி, கீபோர்டைத் தொட்டன. வலது பக்கமாக நகர்ந்து போன கை, மேஜைப் பலகையில் போய் நின்றது. அந்தக் கீபோர்டில் எண்கள் இருக்கிற வலது பக்கம் கிடையாது. அவருடைய மெஷினைப் பேச வைத்ததும், நிறுத்தியதும், திருப்பிச் சொல்ல வைத்ததும் எல்லாம் அந்த வலது பக்கத்துப் பட்டன்கள்தான். பலகையின் மேல் அவருடைய கட்டைவிரல் இரண்டு தடவை தட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

“பழசு எங்கம்மா?”

“கடையில எடுத்துக்கிட்டாங்கப்பா, பழசுக்குப் பதிலாத்தான் இது. பயப்படாதீங்க, உள்ள இருந்ததையெல்லாம் சுத்தமா அழிச்சிட்டுத்தான் கொடுத்தேன். உங்க விஷயம் ஒண்ணுகூட வெளிய போகாது.”

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்றவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னை வலிக்கும்படி பிடித்தது அந்த ஒரு தடவைதான். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னார். அவள் தலையைத் தொட்டு, தனக்கு இப்படி யாரும் எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை என்றார். அது உண்மையும்கூட, நான் ஒரு ஸ்வெட்டருக்கு மேல் போனதில்லை. அவள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

அவள் குளிக்கப் போனதும் நான் அவரைக் கிழிகிழியென்று கிழித்தேன். சுருக்கங்கள் எல்லாம் கோப்புகளோடு இருப்பவை அல்ல, டைப் அடிக்கிற மென்பொருளின் வயிற்றுக்குள் இருப்பவை, கடைக்காரன் அதைக் கண்டிருக்கவே மாட்டான் என்பது எனக்கே தெரியும். இப்போதே சொன்னால் எதையாவது காப்பாற்றலாம் என்றேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு நான் முடிக்கிற வரை காத்திருந்தார்.

“நீ சொல்லக் கூடாது. யாரு தப்பு இது? மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு அன்னிக்கே நான் அவகிட்ட சொல்லியிருக்கணும். அந்தப் பொண்ணு அப்பனுக்குன்னு முதல்முதலா ஒரு சாமான் வாங்கியிருக்கா. அது என் பொழைப்ப அழிச்சிருச்சுன்னு அவகிட்ட போய் சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கும் வரக் கூடாது.”

நான் சரி என்று சொல்லவில்லை. மறுநாள் காய் வாங்கப் போகிறேன் என்று கூடையை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர், எழுந்து நின்று பேசினார். மெஷினை அன்றைக்கே பிரித்துவிட்டார்களாம். உள்ளே இருந்த டிஸ்க்கை மருமகள் கேட்டுக்கொண்டபடி ஒன்றுக்கு இரண்டு தடவை அழித்தார்களாம், ‘அப்பாவுடையது, ஜாக்கிரதை’ என்று சொன்னாளாம். ஒரு துளி கூடத் திரும்ப எடுக்க முடியாதா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டிய விதத்தில் மேலே கேட்கத் தோன்றவில்லை. வெறும் கூடையோடு திரும்பி வந்தேன், என்ன காய் என்று அவரும் கேட்கவில்லை.

அந்த மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். நன்றாகப் பழகியவர்களுக்கு அது தங்கமாக இருக்கும். ஆனால் வேறு வீடு. இங்கே வாசல் இருந்த இடத்தில் அங்கே சுவர். ஒரு விரலில் முடிந்த வேலைக்கு அங்கே மூன்று விரலைச் சேர்த்து அழுத்த வேண்டும். பெடலுக்கான மென்பொருள் அதற்குக் கிடைக்கவில்லை. குரல் தேன் மாதிரிதான் இருந்தது, தேன் மாதிரியே மெதுவாக வழிந்தது. வேகத்தைக் கூட்டினால் அந்தக் குரலின் உச்சரிப்பு அவருக்குப் பிடிபடவில்லை. கை பழைய மெஷினில், காது புது மெஷினில், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று கிடந்து திண்டாடினார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறதா என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். தன் விஷயத்தில் கட்டுகிற துணி மிச்சம் என்று சிரித்தார். அதற்கு நான் சிரிக்கவில்லை.

பழைய மாதிரி ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் கண்ணில் படாமல் எங்கே வைப்பாய் என்று கேட்டார். ஆஸ்பத்திரி மேடம் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். மெஷினைப் பழகுவதற்காகத் தொலைபேசியில் ஒரு உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டார். மாணவனைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, ம் ம் என்று சொல்லிக்கொண்டு, விரலை வைத்து வைத்து எடுப்பார். வலது கை மட்டும் மறந்து மறந்து மேஜைப் பலகையைத் தட்டும். சமையலறையில் அந்தக் கட்டைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் குழாயைத் திறந்துவிடுவேன்.

அப்புறம் ஒரு நாள் டீ குடிக்கும்போது, பிடிபட்டுவிட்டது என்றார். பழைய வேகத்தில் முக்கால்வாசி வந்துவிட்டதாம், சுருக்கங்களைப் புதிதாக உண்டாக்க ஆரம்பித்துவிட்டாராம். மருமகள் கைதட்டினாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து பழையபடி காலையில் உட்கார்ந்து சாயங்காலம் எழுந்தார். திரையைக் கறுப்பாக்கி வைக்கிற வசதி அதிலும் இருந்தது, கண்டுபிடித்து வைத்துக்கொண்டார். வங்கி விஷயங்களை எப்போதும் அவர்தான் போனில் பார்த்துக்கொள்வார் என்பதால் அந்தப் பக்கமும் எனக்கு ஒன்றும் தெரியாது.

டாக்டர் கதைகளும் திரும்பி வந்தன. முன்னைவிட நன்றாகவே இருந்தன என்று சொல்ல வேண்டும். புதிதாக ஒரு டாக்டரம்மா சேர்ந்திருக்கிறாள், வெட்கக்காரி, நோயாளியின் பெயரைச் சொல்லும்போதுகூடக் குரல் நடுங்கும். கொட்டாவி டாக்டருக்கு அவள்மேல் ஒரு கண், அவள் வந்த நாளிலிருந்து ஆளுக்குக் கொட்டாவி நின்றுவிட்டது. மருமகள் தினமும் வந்ததும் வராததுமாக, அப்பா, இன்றைக்கு என்ன ஆச்சு என்று நச்சரிப்பாள். கிளினிக்கில் எல்லோரிடமும் தன் அப்பா புது மெஷினில் பிய்த்து உதறுகிறார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான்கூட அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து நின்று கேட்பேன்.

குளிர்காலம் வந்தது. வீட்டில் ஃபேன் போடுவதில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியில் இருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது. முன்பு கரண்ட் போனால் அவருடைய மேஜைக்கடியில் இருந்த யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்தும், அவர் அவசரமாகச் சேமித்துவிட்டு எழுந்து வருவார். அந்த யுபிஎஸ்ஸும் பழைய மெஷினோடு கடைக்குப் போய்விட்டது. பாவம், அடித்ததெல்லாம் போயிருக்குமே, திட்டிக்கொண்டிருப்பாரே என்று நினைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

ஹெட்போன் இரண்டு காதிலும் இருந்தது. டாக்டர் சொல்வதைக் கேட்கிற மாதிரி தலை இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. ஒன்றுக்கும் உதவாத அந்தப் பெடலைக் கால் மிதித்தது, விட்டது, மறுபடி மிதித்தது. பத்து விரலும் பழைய வேகத்தில் ஓடின. நான் சுவரில் இருந்த ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. மெஷின் செத்துக் கிடந்தது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த டாக்டரம்மா நினைவுக்கு வந்தாள், கொட்டாவி டாக்டர் நினைவுக்கு வந்தார். அப்படி யாரும் அந்தக் காதில் பேசவே இல்லை, கதையெல்லாம் இவரே கட்டியது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என் வீட்டுக்காரர் மாசக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். முழுப் பூசணிக்காயை என் கண்ணெதிரில் சோற்றில் மறைத்திருக்கிறார், நான் பரிமாறிக்கொண்டு இருந்திருக்கிறேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது.

பக்கத்தில் போய் அவர் கையின் மேல் என் கையை வைத்தேன். விரல்கள் நின்றன. ஹெட்போனைக் கழற்றினார்.

“கரண்ட் போயிருச்சுங்க.”

“எப்போ?”

“கொஞ்ச நேரமாச்சு.”

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தடதடவென்று ஆரம்பித்தது. சுவர் அதிர்ந்தது. அவர் அது நிற்கும் என்று கொஞ்சம் பார்த்தார், நிற்கவில்லை, குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேச ஆரம்பித்தார்.

ஆரம்பத்தில் உண்மையாகவே முயன்றிருக்கிறார். ஒரு சிறுநீரக ரிப்போர்ட். டாக்டர் சொன்னது வலது பக்கம், இவர் அடித்து அனுப்பியது இடது பக்கம். குரல் பின்னால் இழுத்துக்கொண்டே வந்ததில், திருப்பிக் கேட்க எந்தப் பட்டன் என்று விரல் தேடியதில், சரியான பக்கத்தைத் தவறவிட்டுவிட்டார். டாக்டர் கையெழுத்துப் போடும்போது கவனித்துத் திருத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மேடம் ஆறுதல்தான் சொன்னாளாம். ஆனால் ஆபரேஷன் மேஜை மேல் படுத்திருப்பவருக்கு எந்தப் பக்கம் கத்தி வைப்பது என்பது அல்லவா அது. இவரே போன் செய்து, வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பிடிபட்டுவிட்டது என்று எங்களிடம் டீ குடிக்கும்போது சொன்னாரே, அது அதற்கு அடுத்த நாள்.

“அப்புறம் எதுக்குங்க தினமும் உட்கார்ந்து தட்டணும்?” என்றேன்.

“சும்மா உட்கார்ந்தா கைக்கு இருப்புக் கொள்ளல. பழைய ரிப்போர்ட்டெல்லாம் மனசுல இருக்குல்ல, குரலை நிறுத்திட்டு அதையே அடிக்கிறேன். சுருக்கத்தையெல்லாம் அடிச்சுப் பார்க்கிறேன். மூணு எழுத்து அடிச்சா மூணு எழுத்துதான் விழுது.” வலது கட்டைவிரல் மேஜைப் பலகையைத் தட்டியது. “பழைய மெஷின் எங்கயாவது கிடைக்கும். இருபது வருஷம் கிடைக்குமா?”

நான் அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்தப் பெண்ணுக்கு இதைத் தாங்குகிற வயசு இருக்கிறது, நீங்கள் இப்படிச் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டாம் என்றேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம். எனக்குப் போனது வேலை மட்டும்தான். அவளுக்குத் தெரிஞ்சா, இந்த வீட்டுல அப்பான்னு கூப்பிடறப்போ எல்லாம் அவ நாக்கு கூசும். ஒரு அப்பன் போய்ட்டான், இன்னொருத்தன நான் பாழாக்கிட்டேன்னு நினைப்பா. அவ நினைக்க வேண்டாம். நான் தட்டிட்டுப் போறேன், எனக்கென்ன கஷ்டம்.”

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். வாசற்படியில் மருமகள் நின்றிருந்தாள்.

கிளினிக்கிலும் கரண்ட் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள் போல. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் பை, இன்னொரு கை வாயைப் பொத்தியிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று எனக்குத் தெரியாது, அவள் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் நின்றிருக்கிறாள். நடையை வைத்தே ஆளைச் சொல்கிறவர் அவர். அந்த ஜெனரேட்டர் மட்டும் இல்லாவிட்டால் அவள் கேட்டைத் தொடும்போதே, வாம்மா என்றிருப்பார்.

இத்தனை நாளும் அவள்மேல் எனக்கு ஒரு ஓரத்தில் வயிற்றெரிச்சல் இருந்தது, மறைப்பானேன். இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திரிகிறாளே என்று. அந்த முகத்தைப் பார்த்ததும் அது எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என் கையோ அவர் பிடியில் இருந்தது. அவள் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்துப் படி இறங்கினாள். கேட்டுக்கு வெளியே போய், சுவரில் சாய்ந்து, பையை முகத்தில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். ஜன்னல் வழியாக அவளுடைய முதுகு குலுங்குவது மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஜெனரேட்டர் நின்றது. கரண்ட் வந்துவிட்டிருந்தது. அவர் என் கையை விட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொள், கிளினிக்கில் கரண்ட் போனால் அவள் சீக்கிரம் வந்துவிடுவாள் என்றார். அடுத்த நிமிஷம் கேட் டமாரென்று திறந்தது. செருப்பு இரண்டும் சத்தமாகக் கழன்றன.

“அப்பா, இன்னிக்கு எத்தனை ரிப்போர்ட்?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். குரல் தினமும் கேட்கிற அதே குரல்தான். கண்ணிரண்டும் வீங்கி, கன்னம் முழுக்க ஈரம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

“எங்கம்மா, பாதியில கரண்ட் போயிருச்சு. இல்லேன்னா நாலஞ்சு முடிச்சிருப்பேன். அந்த டாக்டரம்மா வேற இன்னிக்கு நிறைய அனுப்பியிருக்கா.”

“அப்படியா? கல்யாணத்துக்கு லீவு போடப் போறா போல, அதான் சேர்த்து அனுப்பறா” என்றாள்.

அவர் சிரித்தார். இருக்கும் இருக்கும் என்றார். கதையில் தனக்கே தோன்றாத ஒன்றை அவள் சொல்லிவிட்டாள் என்று அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

அவள் மேஜைக்கு வந்து, மெஷினின் பின்பக்கம் கையை விட்டுப் பட்டனை அழுத்தினாள். அது டொய்ங் என்று விழித்துக்கொண்டது. ஹெட்போனை எடுத்து, இடது எது வலது எது என்று பார்த்து, அவருடைய காதுகளில் மாட்டிவிட்டாள். விலகிக் கிடந்த பெடலைக் காலால் நகர்த்தி அவர் பாதத்துக்கு அடியில் வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, “அம்மா” என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கூப்பிட்டு, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவர் தலையை இடது பக்கம் சாய்த்து, தட்ட ஆரம்பித்தார்.